வயர் கூடை பின்ன வருகிறவர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

வயர் கூடை பின்ன ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வீடியோவைப் பார்த்தால் சீக்கிரம் கைவரும் என்றுதான். வீடியோ பாருங்கள், தப்பே இல்லை. அதற்கு முன்னால் உங்கள் தெருவில் யார் பின்னுகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். வடசென்னையில் இதற்கு ஒரு மத்தியானம் போதும். கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஏதாவது ஒரு வாசலில் வயர் ரோல் உருண்டுகொண்டிருக்கும்.

எங்கள் குடியிருப்பில் அது வாசல் இல்லை, மாடிப்படி. தண்டையார்பேட்டையில் நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் பெரிய ஜன்னல் உண்டு. மூன்று மணிக்கு மேல் கடல் காற்று அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். கரண்ட் போனாலும் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. ஐந்தாறு பெண்கள் அங்கே உட்கார்ந்து பின்னுவார்கள். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் போட்டே காலத்தை ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு பகலில் படி ஏறி இறங்கும்போதெல்லாம் அவர்கள் எனக்காக வயரை ஒதுக்கி வழிவிடுவார்கள். வழிவிடுகிற சிரமம் அவர்களுக்கு எதற்கு என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆண்பிள்ளை கூடை பின்னுவதா என்று சிரிப்பு வராமல் இல்லை. வீட்டுக்காரம்மாவே இரண்டு வாரம் சிரித்தார். எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காசிமேட்டில் போய்ப் பாருங்கள், காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, நைலான் நூலில் கண் கண்ணாகக் கோத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். முடிச்சுக்கு முடிச்சு அளவு பிசகாது. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது தொழில், இது பொழுதுபோக்கு என்கிற வித்தியாசம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். எங்கள் படியிலேயே மூன்று பேருக்கு இதுவும் தொழில்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கெல்லாம் குரு தரைத்தளத்து ஆயா. எழுபது தாண்டியவர். அவருடைய அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மூடப்பட்ட மில் அது. மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சாப்பாட்டுக் கூடை என்பது அன்றாடப் பாத்திரம். அடுக்கு கேரியர் ஆடாமல் உட்காருகிற அளவுக்கு அடிப்பாகம், தோளில் மாட்டுகிற உயரத்துக்குக் கைப்பிடி. ஆயா இன்றைக்கும் எந்தக் கூடையைக் கையில் எடுத்தாலும் முதலில் தரையில் வைத்துத் தட்டிப் பார்ப்பார். ஆடினால் பேச்சே கிடையாது, அவிழ்க்கச் சொல்லிவிடுவார்.

வீடியோவில் கிடைக்காதது என்ன என்று கேட்டால், எவ்வளவு இறுக்குவது என்பதுதான். முடிச்சின் வழி கண்ணுக்குத் தெரியும், இறுக்கம் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இழுத்து இழுத்து இறுக்குவார்கள். வயர் மெலிந்து, முடிச்சு சுருங்கி, வரிசை வில்லாக வளையும். "கயிறு இழுக்குற மாரி இழுக்காத தம்பி. கட்டவெரலால அமுக்கி வுடு, அதுவா உக்காரும்" என்பார் ஆயா. சொல்வதோடு நிற்க மாட்டார். நம் விரலின் மேல் தன் விரலை வைத்து அமுக்குவார். அந்த அழுத்தம் ஒருமுறை கையில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த வீடியோவைப் பார்த்தும் எந்த டிசைனையும் பிடித்துவிடலாம். இன்னொன்று, ஒரு கூடையை ஒருவரே முடிக்க வேண்டும். பாதியில் வேறு கை பட்டால் அந்த வரிசையிலிருந்து கூடையின் வாய் விரியும் அல்லது குறுகும்.

இனி வயர். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் வாங்கினால் விலை குறையும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்த பிறகு எங்களுக்கு இது ரொம்ப சுலபமாகிவிட்டது. மண்ணடியில் இறங்கி நடந்தால் போதும், மூட்டையோடு திரும்பும்போது பஸ்ஸில் திட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் முதல் கூடைக்காக அங்கே போக வேண்டாம். தெருமுனை ஃபேன்சி கடையில் ஒரு ரோல் வாங்கிச் சாதா முடிச்சுப் பழகுங்கள். எந்தத் தடிமன் உங்கள் விரலுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு மொத்தமாக வாங்கலாம்.

கடையில் வயரைக் கையில் வாங்கியதும் ஒரு முனையை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழுந்து, விரித்த பிறகும் போகவில்லை என்றால் அந்த வயர் வேண்டாம். கலப்படம் அதிகம், சில மாதத்தில் மடிப்பிலேயே வெடிக்கும். மூக்கில் வைத்துப் பார்த்தால் கருகின வாடை அடிக்கிற வயரும் வேண்டாம். நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை: ஒரு கூடைக்குத் தேவையான அத்தனை ரோலையும் ஒரே நாளில், ஒரே மூட்டையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ‘அதே பச்சைதாங்க’ என்று கடைக்காரர் அடுத்த மாதம் தருவது அதே பச்சையாக இருக்காது. குழல் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரியும், வெயிலில் கொண்டுவந்து வைத்தால் கூடையின் பாதி ஒரு நிறம், மேல் பாதி இன்னொரு நிறம். ரோல் என்று சொல்வதும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நீளம் கிடையாது. ‘ரெண்டு ரோல் கூடை’ என்று யாராவது அளவு சொன்னால், எந்த வயரில் ரெண்டு ரோல் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அளவுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பாதிப் பேர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நோட்டுப் புத்தகத்திலோ வீடியோவிலோ ‘ஏழு அடியில் இருபது துண்டு வெட்டிக்கொள்ளவும்’ என்று இருக்கும். அவர்கள் வயர் வேறு, உங்கள் வயர் வேறு, அவர்கள் கை இறுக்கம் வேறு. எனவே வெட்டுவதற்கு முன் பத்து முடிச்சு போட்டுப் பாருங்கள். பத்து முடிச்சும் சேர்ந்து எத்தனை அங்குல அகலம் வருகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதை அவிழ்த்து, அந்தப் பத்து முடிச்சுக்கு எத்தனை அங்குல வயர் செலவாகியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இந்த இரண்டு எண் கையில் இருந்தால் போதும், எந்தக் கூடைக்கும் நீங்களே கணக்குப் போடலாம். குறுக்கே போகிற ஒரு துண்டு என்னென்ன செய்ய வேண்டும்? ஒரு பக்கச் சுவர் ஏற வேண்டும், அடிப்பாகத்தைக் கடக்க வேண்டும், மறுபக்கச் சுவர் ஏற வேண்டும். இந்த மூன்றுக்குமான முடிச்சுகளைக் கூட்டிப் பத்து முடிச்சுக்கான வயர் கணக்கால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் நீளம் வந்துவிடும். இரண்டு முனையிலும் மடித்துச் சொருக ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் மிஞ்சினால் நஷ்டமில்லை, நாலு விரல் குறைந்தால் மேல் வரிசையில் ஒட்டுப்போட வேண்டும்.

அடிப்பாகம் என்பது நீளவாக்கில் ஓடும் சில வயர்களும், குறுக்கே ஓடும் பல வயர்களும் சந்திக்கிற கட்டம். இருபது முடிச்சு நீளம், எட்டு முடிச்சு அகலம் என்றால் மொத்தம் இருபத்தெட்டு துண்டு வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சரியாக நடுவில் பிடித்துத் தொடங்க வேண்டும். நடு தெரிய ஒரு நூலைக் கட்டி வைத்துக்கொள்வது எங்கள் படியில் வழக்கம். கட்டம் முடிந்தால் நாலு பக்கமும் வயர் முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும்: இந்தப் பக்கம் இருபது, எதிர்ப் பக்கம் இருபது, ஓரங்களில் எட்டும் எட்டும். ஐம்பத்தாறு. இந்த ஐம்பத்தாறுதான் கூடையின் சுற்றளவு. இனி ஒவ்வொரு சுற்றிலும் ஐம்பத்தாறு முடிச்சு விழும், கூடாது, குறையாது.

இது ஏன் முக்கியம் என்றால், நாலு முடிச்சுக்கு ஒருமுறை திரும்ப வருகிற டிசைன் போட நினைத்தால் ஐம்பத்தாறு நாலால் வகுபடும், பதினாலு பூ அழகாகச் சுற்றி வரும். அகலத்தை ஏழாக வைத்திருந்தால் சுற்றளவு ஐம்பத்திநாலு. நாலால் வகுத்தால் இரண்டு முடிச்சு அநாதையாக நிற்கும். டிசைன் கடைசியில் முட்டிக்கொள்வது கை பழகாததால் என்று பலர் நினைக்கிறார்கள். கை மேல் குற்றமில்லை, அடிப்பாகத்திலேயே கணக்கு தப்பியிருக்கும். மூன்றாம் மாடி அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இந்த வகுத்தலை வயரைத் தொடாமலே வாயால் சொல்வார். பில் போட்டுப் பழகிய நான் காகிதம் தேடிக்கொண்டிருப்பேன்.

சுவர் ஏற்றத் தொடங்குகிற முதல் சுற்றுக்கு ரோலிலிருந்து வெட்டாத வயர்தான் ஓடும். எங்கள் பக்கம் ரன்னிங் வயர் என்போம். அதை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு முனையோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நாலு மூலை வரும். நீளப் பக்கத்தின் கடைசி முனையிலிருந்து ஓரப் பக்கத்தின் முதல் முனைக்குத் திரும்பும்போது நடுவில் வேறு முனை கிடையாது. அங்கே கட்டத்துக்குப் பதில் முக்கோண ஓட்டை விழும். அப்படித்தான் விழ வேண்டும், பயப்படாதீர்கள். நாலு மூலையிலும் ஒரே அளவு முக்கோணம் விழுந்தால் கூடை நேராக எழும். ஒரு மூலையில் ரன்னிங் வயரைத் தளர விட்டால் அந்தக் கால் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், ஆயா தரையில் தட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள். முதல் சுற்று முடிந்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்து நாலு மூலையையும் ஒரே சமயத்தில் பாருங்கள். அவிழ்க்கிறதானால் இந்த இடத்தில் அவிழ்த்துவிடுங்கள். நாலு சுற்று ஏறிய பிறகு யாருக்கும் மனசு வராது.

சுற்று முடிகிற இடத்தில் ரன்னிங் வயரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று கடந்து இரண்டு மூன்று முடிச்சுக்குள் நுழைய வேண்டும். முனையைச் சாய்வாக வெட்டினால் சுலபமாக நுழையும். இந்த இணைப்பு எல்லாச் சுற்றிலும் ஒரே நேர்க்கோட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் அந்த இடம் தடித்துக்கொண்டு தனியாகத் தெரியும்.

டிசைன்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சாதா முடிச்சு கைவந்தால் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எல்லாம் வரிசையாக வரும். அதற்குத்தான் வீடியோ இருக்கிறது. என் சொந்த அபிப்பிராயம்: நெல்லிக்காய் பார்க்க அழகு, வயரைக் குடித்துத் தீர்த்துவிடும். தினமும் மார்க்கெட் போகிற கூடைக்குச் சாதா முடிச்சை மிஞ்சியது கிடையாது. அழுக்கு தங்காது, உடைந்தால் சரிசெய்யலாம்.

கைப்பிடிதான் கூடையின் ஆயுள். கடையில் விற்கிற மலிவுக் கூடைகளில் கைப்பிடி மேல் வரிசையிலிருந்து மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். நாலு கிலோ அரிசி வைத்தால் அந்த வரிசை பிய்ந்து வரும். கைப்பிடி வயரைச் சுவரில் குறைந்தது நாலைந்து வரிசை கீழே வரை இறக்கிச் சொருகுங்கள். முடிந்தால் அடிப்பாகம் வரை இறக்குங்கள். பாரம் முழுக் கூடையிலும் பரவும். உள்ளே கெட்டிக் கயிறோ பழைய டியூபோ வைத்து அதன்மேல் பின்னினால் உள்ளங்கையை அறுக்காது. இரண்டு கைப்பிடியும் ஒரே உயரம் இருக்கிறதா என்பதைக் கூடையைத் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், தரையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலின் ஓரம் முதலில் சிவக்கும், அப்புறம் தோல் உரியும். மருந்துக்கடையில் விற்கிற துணிப் பிளாஸ்டரை விரலில் சுற்றிக்கொண்டு பின்னுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது, விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டியது தெரியாது. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். கூடை பெரிதாகிவிட்டால் மடியில் வைக்காமல் கவிழ்த்த பெயிண்ட் வாளியின் மேல் மாட்டிப் பின்னலாம். மார்கழிக் குளிரில் வயர் விறைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்தால் வழிக்கு வரும். சித்திரை வெயிலில் அதே வேலையைச் செய்யாதீர்கள், வயர் இளகி நீண்டுவிடும். வெயிலில் கிடந்த வயரை நீட்டிப் பின்னினால் பிறகு சுருங்கிக் கூடை கோணிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பற்றிய பேச்சு எப்போதும் வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. கேரி பேக்கும் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே இயக்கம் தொடங்கியது. எங்கள் படியில் வயர் கூடைக்கு ஆர்டர் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். துணிப்பை காய்கறிக்குச் சரி, மீனுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வஞ்சிரமோ சங்கராவோ வாங்கி வருகிறவர்களுக்கு வயர் கூடை ஒன்றுதான் வழி. தண்ணீர் வடியும், வீட்டுக்கு வந்து குழாயடியில் காட்டினால் வாடை போய்விடும். அதே சமயம் வயரும் பிளாஸ்டிக்தான், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஒரு கூடை பத்து வருஷம் உழைத்தால் நியாயம், ஒரு வருஷத்தில் குப்பைக்குப் போனால் கேரி பேக்கை விட மோசம். ஆகவே பார்க்க மட்டும் பளபளப்பான மலிவு வயரில் பின்னாதீர்கள். வெட்டி விழுகிற துண்டுகளைப் பெருக்கிச் சாக்கடையில் தள்ளாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். எங்களிடம் ஒரு அரிசிப் பை தொங்கும், எல்லாத் துண்டும் அதற்குள் போகும். விரல் நீளத் துண்டில் சாவிக்கொத்துப் பூ செய்யலாம், சாண் நீளத் துண்டில் மொபைல் பை. பிள்ளைகள் பழகுவதும் அந்தத் துண்டுகளில்தான்.

பாரிமுனைக் கிடங்குகள் பக்கம் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு சரக்கும் கிடைக்கிறது. அட்டைப் பெட்டி கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டி. அறுத்து எறிந்ததைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். இதில் முடிச்சு கிடையாது, மேலே கீழே என்று பாய் மாதிரி மாற்றி மாற்றி விட வேண்டியதுதான். கூடை விறைப்பாக நிற்கும், வெங்காயம் உருளைக்கிழங்கு போட்டு வைக்க ரொம்ப நல்லது. பட்டியின் ஓரம் கையைக் கீறும் என்பதால் சின்னப் பிள்ளைகளிடம் தர வேண்டாம். அறுபட்ட இடத்தில் நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதியை மட்டும் எடுங்கள்.

ஓலைக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்தால் வடக்கே பழவேற்காடு இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். பனங்குருத்தோலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிற பெண்கள் பழவேற்காட்டில் பல காலமாக இருக்கிறார்கள். நாங்கள் கூட்டமாகப் போனோம். ஓலை, வயர் போல நம் சொல்லைக் கேட்காது. காய்ந்திருந்தால் உடையும், அதிகம் நனைந்திருந்தால் காய்ந்த பிறகு பின்னல் தளரும். ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக எடுத்து, ஒரே அகலத்தில் கிழித்து, மளமளவென்று பின்னுகிறார்கள். கிழிப்பதே தனி வித்தை. எங்களில் வயரில் கெட்டிக்காரியான அக்காவுக்கே ஓலை ஒரே அகலத்தில் வரவில்லை. அங்கிருந்து வாங்கி வந்த பெட்டி ஐப்பசி மழையில் பூசணம் பூத்துவிட்டது. மழைக்காலத்தில் ஓலைச் சாமானைச் சுவரில் படாமல் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்படித் தொங்கவிட்ட வீடுகளில் இன்னும் நன்றாக இருக்கிறது.

இப்போது விலை விஷயம். எங்கள் படியில் நாலைந்து பேர் என்னைப் போல் பொழுதுபோகப் பின்னுகிறோம். மூன்று பேருக்கு அந்தப் பணத்தில்தான் கேஸ் சிலிண்டரும் டியூஷன் ஃபீஸும். இரண்டு வகையும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறோம், வாங்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பொழுதுபோக்குக்காரர் ஒருவர் ‘வயர் காசு குடுத்தாப் போதும்’ என்று பெருந்தன்மையாக ஒரு கூடையைக் கொடுத்தால், அடுத்த நாள் அதே ஆள் பக்கத்தில் இருக்கிற அக்காவிடம் போய், அவர் அவ்வளவுக்குத் தந்தாரே, நீ ஏன் கூடக் கேட்கிறாய் என்று நிற்பார். இது நடந்தது. அக்கா ஒரு வாரம் படிக்கு வரவில்லை. வந்தபோது சண்டை போட்டார். சண்டை நியாயமானது.

கணக்கைப் பாருங்கள். வயர் 250 ரூபாய் ஆகிறது, பின்னப் பத்து மணி நேரம் ஆகிறது, கூடையை 450க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 200. மணிக்கு இருபது ரூபாய். இதில் பேரம் பேசி ஐம்பது குறைத்தால் மணிக்குப் பதினைந்து. வாங்குகிறவர் ஐம்பது ரூபாய் என்று நினைப்பது, பின்னுகிறவரின் கூலியில் கால் பங்கு. இதை ஒரு அட்டையில் எழுதி ஜன்னல் பக்கத்தில் ஒட்டினேன். பில் போட்டவனின் புத்தி, வேறென்ன. அப்புறம் எல்லாரும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். எந்த அளவுக் கூடைக்கு என்ன விலை என்பதைத் தொழிலாகச் செய்கிற மூன்று பேர்தான் முடிவுசெய்வார்கள். எங்களைப் போன்றவர்கள் விற்றால் அந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கலாம், குறைத்து விற்கக் கூடாது. நவராத்திரிக்குத் தாம்பூலக் கூடை, கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்று மொத்த ஆர்டர் வந்தால் முதலில் அவர்களுக்கு, கை போதவில்லை என்றால்தான் எங்களுக்கு. மொத்த ஆர்டருக்கு வயர் காசு முழுவதும் முன்பணம். ஒருமுறை கல்யாணம் தள்ளிப்போய், ஒரே நிறத்தில் ஒரு மூட்டைக் குட்டிக் கூடைகள் எங்கள் தலையில் விழுந்தன. அதிலிருந்து வந்த ஏற்பாடு.

புதிதாகப் பின்ன வருகிறவர்கள் எந்தக் குழுவில் சேர்ந்தாலும் இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாருக்கு இது சோறு, யாருக்கு இது பொழுது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், ‘சும்மாதானே இருக்கீங்க, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்’ என்று. நான் சொல்கிற பதில்: வயர் வாங்கி வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள், கற்றுத் தருகிறேன். பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள். மீதிப் பேரில் சிலர் உண்மையாகவே வந்து உட்கார்ந்து, இப்போது என்னை விட நன்றாகப் பின்னுகிறார்கள். எதிர் பிளாக்கில் ஒரு கல்லூரிப் பெண், பின்னுகிற கூடைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு மூன்று பேருக்கும் ஆர்டர் பிடித்துத் தருகிறாள். கமிஷன் கேட்பதில்லை, மாதம் ஒரு கூடை அவளுக்கு. அது அவர்களே வைத்துக்கொண்ட கணக்கு.

கூடை வாங்கியவர்களும் பின்னியவர்களும் கடைசியாக வந்து நிற்பது ரிப்பேருக்கு. பெரும்பாலும் கைப்பிடிதான் முதலில் போகும், உடம்பு நன்றாகவே இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய கைப்பிடியை வெட்டும்போது சுவருக்குள் இறங்கியிருக்கிற துண்டை உருவாமல் விட்டுவிட்டு, அதன் பக்கத்து முடிச்சு வழியாகப் புது வயரை இறக்க வேண்டும். பழையதை உருவினால் சுற்றியுள்ள முடிச்சுகள் தளர்ந்துவிடும். அடியில் ஒன்றிரண்டு முடிச்சு தேய்ந்திருந்தால் அதே நிற வயரை மேலேயே ஓட்டி மூடலாம், வேறு நிறத்தில் ஓட்டினாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் படியில் ரிப்பேர் வேலை முழுக்க ஆயாவுடையது, வேறு யாரும் தொடக் கூடாது. கூலியை அவர் கூடையைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார். பேரம் பேசினால் ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டார், கூடையை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார்.